ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி

சிகப்பி கோபித்துக்கொண்டு இளையாத்தங்குடிக்கு பஸ் ஏறிவிட்டதால், அந்த வீட்டில் பேச்சுவார்த்தை அடியோடு நின்றுபோயிருந்தது.

சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். சிகப்பிதான் அந்த வீட்டின் தபால் இலாகா. அவள் புருஷன் சொக்கலிங்கத்துக்கும், அவருடைய தம்பி ஆசைத்தம்பியின் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கும் நடுவில் போகிற வருகிற சேதியெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போக வேண்டும். தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு எதிரே வரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் அவளுடைய குரலில் ஒரு முழு வாக்கியத்தை சொக்கலிங்கம் கேட்டதில்லை. அவருக்கு அவள் ஒரு மெட்டிச் சத்தம். அவளுக்கு அவர் ஒரு தும்மல். பொடி போடுகிறவர்.

போன வாரம் நடந்தது இதுதான். காரைக்குடிப் பெண்கள் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர் வேலை காலி. பி.ஏ., பி.டி. படித்த வள்ளிக்கண்ணு, விண்ணப்பம் போடட்டுமா என்று சிகப்பி மூலம் கேட்டாள். “ஒரே வீட்ல எத்தன இங்கிலீஷு? நான் ஒருத்தன் போதாதா?” என்று சிகப்பி மூலமே பதில் போனது. இரண்டு பக்கமும் சேதி சுமந்து களைத்த சிகப்பி, “அவ வேலைக்குன்னு படி தாண்டுன அன்னைக்கே இந்த வீட்ல அடுப்பு ரெண்டு, சொல்லிட்டேன்” என்று சொந்தச் சேதி ஒன்றையும் சேர்த்து வைத்துவிட்டு இளையாத்தங்குடியில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வள்ளிக்கண்ணு பதிலே சொல்லவில்லை. பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று சொக்கலிங்கம் எடுத்துக்கொண்டார். வெற்றிவேல் டுட்டோரியலில் பதினைந்து வருஷமாக அவர் அப்படித்தான் பாடம் நடத்துகிறார்.

இன்று காலை ஆசைத்தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான்:

“அண்ணே, சிவகங்கை ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வாரேன். பொழுது சாய வந்துருவேன்.”

“எதுக்குடா சிரிக்கிறே?”

“சிரிக்கலையே. மொகமே அப்படித்தான்.”

மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறவனுக்கு முகம் காரணமில்லாமல் பிரகாசிப்பது சகஜம் என்று அண்ணன் விட்டுவிட்டார்.

தம்பி போனதும் வீட்டில் இரண்டே பேர். சொக்கலிங்கம் வளவில், நடுமுற்றத்துத் தூணருகே உட்கார்ந்தார். காபி வேண்டும். கேட்பதற்கு ஆள் இல்லை. தூணைப் பார்த்துச் சொன்னார்:

“ஒரு வாய் காபி கெடைச்சா நல்லாருக்கும்.”

தூண் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து வாசற்படிக்கு அங்குட்டிருந்து ஒரு டம்ளர் மட்டும் இங்குட்டு நகர்ந்து வந்தது. மெட்டிச் சத்தம் திரும்பிப் போனது.

காபி நன்றாக இருந்தது. நல்ல காபி மனிதனைப் பெருமை பேச வைக்கும். அவர் தூணிடம் தொடர்ந்தார்:

“மத்தியானம் பொண்ணுக ஹைஸ்கூல்ல நிபுணரா வந்து உக்காரச் சொல்லிருக்காக. டீச்சர் வேலைக்கு மூணு பேராம். மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிப் பாப்பாக. நான் சொல்றதுதான் முடிவு.”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு, தண்ணீர்த் தவலையை விசாரிக்கிற பாவனையில் மெல்லிய குரல் வந்தது:

“தவலையே, எத்தன மணிக்காம்?”

“ரெண்டு மணிக்கு” என்று தூணுக்குத் தெரிவித்துக்கொண்டார் சொக்கலிங்கம். பாவம், வேலைக்குத்தான் போக முடியவில்லை, தெரிந்தாவது கொள்ளட்டும் என்று அவருக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

அவருடைய அல்பாக்கா கோட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதன் பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதும். மற்றது மரியாதைக்கு. தச்சு வேலை பார்த்த குடும்பத்தில் முதன்முதலாக இங்கிலீஷைப் பிடித்தவர் அவர். பிடித்ததை விடவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிய பிள்ளைகளைத் தேற்றிவிடுகிறார். ‘ஆங்கில சஞ்சீவி’ என்று ஒரு கைடு எழுதி, முந்நூறு சொற்றொடர்களுக்கு வரிசையாக அர்த்தம் போட்டு அச்சிட்டிருக்கிறார். வெள்ளைக்காரன் தேசத்தை நேருவிடமும் பாஷையைத் தன்னிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனான் என்பது அவருடைய எண்ணம். வெளியே சொன்னதில்லை. கோட்டு சொல்லிவிடும்.

ஹைஸ்கூலில் தலைமையாசிரியை மீனாம்பிகை அவரை வரவேற்றார். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். பேச்சு கொஞ்சம், பார்வை அதிகம். பக்கத்தில் பள்ளிச் செயலாளர் மாயக்கண்ணன். சிமெண்டு வியாபாரம். அவருக்கு இங்கிலீஷில் ‘யெஸ்’ஸும் ‘ஸ்டாக் இல்லை’யும் தெரியும்.

வகுப்பின் கடைசியில் மூன்று நாற்காலி போட்டிருந்தது. முதல் அம்மாள் மதுரையிலிருந்து வந்தவர். இங்கிலீஷை வாய்க்குக் கொடுக்காமல் மூக்கிலேயே வைத்துச் செலவழித்தார். மாயக்கண்ணன் சொக்கிப்போனார். இரண்டாவது அம்மாள் நோட்ஸ் கொடுத்தார். பிள்ளைகள் எழுதினார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மூணாவது, வள்ளிக்கண்ணு ஆசைத்தம்பி, பி.ஏ., பி.டி.” என்று மீனாம்பிகை படித்தார்.

சொக்கலிங்கத்துக்கு நாற்காலி சுட்டது. காலையில் தம்பியின் முகம் ஏன் பிரகாசித்தது, தவலையிடம் ஏன் மணி கேட்கப்பட்டது என்று இப்போது புரிந்தது.

எழுந்து, “இது என் தம்பி சம்சாரம், நான் பாக்கக் கூடாது” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நிபுணர் பதவி போய்விடும். கல்லுக்கட்டிக் கடைவீதி முழுக்கச் சொல்லியாயிற்று. அதோடு, தான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒருத்தி வந்து நிற்கிறாள் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோகும். சரி, உட்கார்ந்தே இருக்கலாம் என்றால் அவள் எதிரே நிற்பாள். மூன்று வருஷ வழக்கம், முப்பது பிள்ளைகளுக்கு முன்னால், சாக்பீஸும் கையுமாக உடைந்துபோகும்.

இப்படிப்பட்ட நேரத்தில் பெரிய மனிதர்களைக் காப்பாற்ற ஒரு தத்துவம் ஓடி வரும். அவருக்கும் வந்தது.

“மேடம், இங்கிலீஷ்ங்கிறது காது சம்பந்தப்பட்டது. மொகத்தப் பாத்தா கவனம் செதறும். நான் வராண்டாவுல உக்காந்து கேக்குறேன்.”

“முதல் ரெண்டு பேரையும் முகம் பார்த்தீங்களே?”

“அதனாலதான் செதறிருச்சு.”

நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியேறினார். ஜன்னலுக்கு வெளியே, சுவரில் முதுகு சாய்த்து, கொய்யா மரத்தைப் பார்த்து உட்கார்ந்தார். உள்ளே மெட்டிச் சத்தம் கேட்டது. காலையில் காபி கொண்டுவந்த அதே சத்தம். அது ஜன்னலருகே வந்து நின்றது. ஜன்னல் கதவில் அவர் பக்கத்துப் பாதி மட்டும் மெல்லச் சாத்திக்கொண்டது.

அவர் அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபமும் வந்தது அவருக்கு. வேலைக்குத் துணிந்தவள் கதவைச் சாத்தி மரியாதை செய்கிறாளே, இதில் எதை எடுத்துக்கொள்வது?

எந்தப் பாடம் நடத்துவது என்று நிபுணர்தான் சொல்ல வேண்டும். அவர் மரத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

“கிவ் அப், கிவ் இன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நடத்தச் சொல்லுங்க.”

அவரைப் பொறுத்தவரை வித்தியாசமே கிடையாது. சஞ்சீவியில் இரண்டும் அடுத்தடுத்த வரி, இரண்டுக்கும் ஒரே அர்த்தம்: ‘விட்டுவிடு.’ இல்லாத ஊருக்கு வழி தேடட்டும், கால் வலித்து வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தார். பொடி டப்பியைத் திறந்தார்.

உள்ளே குரல் எழுந்தது. உரத்த குரலே இல்லை. ஆனால் கடைசிப் பெஞ்சுக்கு அங்குட்டு, சுவர் தாண்டி, கொய்யா மரம் வரைக்கும் தெளிவாக வந்தது.

“ரெண்டு பேர் எந்திரிங்க. நீ அம்மா. நீ பிள்ள. சந்தைக்கு வந்திருக்கீங்க. பிள்ளைக்கு ரிப்பன் வேணும்.”

“அம்மா, ரிப்பன்!”

“போன வாரந்தான வாங்குனே?”

“அது பச்சை!”

வகுப்பு சிரித்தது. பிள்ளை கெஞ்சியது, சிணுங்கியது, தரையில் உட்கார்ந்து காலை உதைத்தது. “சரி, எடுத்துத் தொலை!” என்றாள் அம்மா.

“நில்லுங்க. இப்ப யாரு விட்டது?”

“அம்மா!”

“அம்மா கிவ் இன் பண்ணிட்டா. மறுபடியும் நடிங்க. இந்தத் தடவ அம்மா கொடுக்கவே கூடாது.”

இரண்டாம் தடவை பிள்ளை கெஞ்சியது, சிணுங்கியது, உதைத்தது. அம்மா மசியவில்லை. கடைசியில் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தது.

“இப்ப யாரு விட்டது?”

“பிள்ள!”

“பிள்ள கிவ் அப் பண்ணிருச்சு. ரெண்டு தடவையும் யாரோ விட்டாக. ஆனா கிவ் இன்னுக்கு எதிர்ல ஒரு ஆளு வேணும், தள்ளிக்கிட்டே இருக்கணும். தள்ளுறவுகளுக்கு நாம எடங்கொடுத்துட்டோம். கிவ் அப்புக்கு யாரும் தள்ள வேணாம். நம்ம கைய நாமளே எடுத்துக்கிட்டாப் போதும்.” குரல் ஜன்னல் பக்கம் நகர்ந்தது. “பொடி போடுறவர் ஒருத்தர் இருக்காருன்னு வச்சுக்குவம். இனிமே வேணாம்னு டப்பியத் தூக்கிப் போட்டுட்டா, பொடிய கிவ் அப் பண்ணிட்டாரு. மறுநா மூக்கு கேக்குது, கேக்குது, கேட்டுக்கிட்டே இருக்கு. எடுத்துப் போட்டுட்டா?”

“கிவ் இன்!” என்று முப்பது தொண்டை கத்தியது.

வெளியே சொக்கலிங்கத்தின் இரண்டு விரல்கள் மூக்குக்கு அரை அங்குலத்தில் நின்றன. பொடியைத் திரும்ப டப்பியில் போடுவது கஷ்டமான காரியம். அதையும் செய்தார்.

பாடம் அதோடு நிற்கவில்லை. அவர் கேட்டது ஒரு ஜோடிச் சொல்தான். அவள் குரல் அடுத்த ஜோடிக்குத் தானாகப் போனது. திருக்கோஷ்டியூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதாகப் பெரிய டீச்சர் சொல்கிறார். மழை. அடுத்த வாரம் போகலாம் என்றால் புட் ஆஃப். போகவே வேண்டாம் என்றால் கால் ஆஃப். “ஐயோ!” என்றது வகுப்பு.

“பாத்தீங்களா? புட் ஆஃபுக்கு மொகம் வாடும். கால் ஆஃபுக்கு அழுகை வரும். அகராதி கையில இல்லாட்டி மொகத்தப் பாருங்க.”

மீனாம்பிகை சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் சிரிப்பார் என்பதே காரைக்குடிக்குப் புதுச் செய்தி.

தினம் உடுத்திய சேலை நைந்து இற்றுப்போனால் வேர் அவுட். கையில் வைத்த மருதாணிச் சிவப்பு மெல்ல மங்கினால் வேர் ஆஃப். “சேல போனா வேற சேலதான் வாங்கணும். மருதாணி போனா கை அப்படியேதான் இருக்கும்” என்றாள்.

சொக்கலிங்கம் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்நூறு சொற்றொடர்களை அவர் ஜாதகம் மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறார். ஒன்றுக்காவது சேலை உடுத்திப் பார்த்ததில்லை, ஒன்றையாவது சந்தைக்குக் கூட்டிப் போனதில்லை. இத்தனை காலம் தான் வைத்திருந்தது பெட்டியின் சாவிதான், பெட்டியை இவள் திறந்து கடை பரப்பிவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. பொறாமைப்பட வேண்டிய இடம். பட்டும் பார்த்தார். அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்கிற ஆசை அதை முந்திக்கொண்டது.

அப்போதுதான் ஒரு பிள்ளை எழுந்தது.

“டீச்சர், எங்கண்ணன் வச்சிருக்கிற ஆங்கில சஞ்சீவியில கிவ் அப், கிவ் இன் ரெண்டுக்கும் ‘விட்டுவிடு’ன்னு ஒரே அர்த்தம் போட்டிருக்கே. அது தப்பா?”

 மாயக்கண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“அது நம்ம சொக்கலிங்கம் ஐயா எழுதுனதுல்ல? சொல்லட்டும், சொல்லட்டும்!”

வராண்டாவில் நிபுணர் காதை ஜன்னல் பக்கம் திருப்பினார். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைகள் வழியாக அது சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றிவிடும். மூன்று வருஷமாக அடுக்களையில் நின்ற கணக்கும், போன வாரத்துக் கணக்கும் சேர்ந்து நேராகிவிடும். தப்பில்லை என்று சொன்னால் இவ்வளவு நேரம் நடத்திய பாடம் பொய்யாகிவிடும். வேலையும் போகும்.

குரல் அவசரப்படவில்லை.

“அந்தப் புத்தகத்த எழுதுனவுக பேர நான் சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் கொத்தமங்கலத்துல இருந்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதுறப்ப எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆளு இல்ல. அந்தப் புத்தகந்தான் இருந்துச்சு. முந்நூறையும் உருப்போட்டேன். பரீட்சை வாசல் வரைக்கும் என்னையக் கைபிடிச்சுக் கூட்டியாந்தது அது. ‘விட்டுவிடு’ங்கிறது தப்பில்ல. பாதி. மீதிப் பாதிக்கு அதுல எடம் பத்தல. அடுத்த பதிப்புல எழுதுவாக. உக்காரு.”

பிள்ளை உட்கார்ந்தது.

வெளியே ஒருவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதற்காக எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சஞ்சீவியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஜீவன் உலகத்தில் ஒன்று உண்டு. அது மூன்று வருஷமாக அவர் வீட்டிலேயே காபி போட்டுக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் பாடம் கேட்டிருக்கிறது. அதனிடம் அவர் பேசியதெல்லாம் ‘வேண்டாம்’ என்ற ஒன்று மட்டும். அதுவும் சிகப்பி மூலம்.

வள்ளிக்கண்ணு மறுபக்கத்து வாசல் வழியாக வீட்டுக்குப் போன பிறகு அவர் நாற்காலியோடு உள்ளே வந்தார்.

“எனக்கு அந்த மதுர அம்மாதான்” என்றார் மாயக்கண்ணன். “மூக்குல பேசுறதுதான ஒரிஜினல்?”

“எனக்கு மூணாவது பொண்ணு” என்றார் மீனாம்பிகை. “நீங்க சொல்றதுதான் முடிவு சார்.”

“மூணாவது.”

“மொகத்தையே பாக்காம எப்படிய்யா சொல்றீக?” என்றார் மாயக்கண்ணன்.

“பாக்க முடியாது. அது என் தம்பி சம்சாரம்.”

“அட! அப்ப இது சொந்தக்காரச் சிபாரிசுல்ல?”

சொக்கலிங்கம் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கோட்டுக்குள் ஒரு ஆள் இருந்தார்.

“சிபாரிசா? இந்த வேலைக்குப் போகக் கூடாதுன்னு போன வாரம் தடுத்தவனே நான்தான். விழுந்துரட்டும்னுதான் அந்தப் பாடத்தக் கேட்டேன். இல்லாத வித்தியாசம்னு நெனச்சுக் கேட்டேன். இருக்குன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். ஆகாதவன் வாயால நல்லதுன்னு வருது. இதவிட நேரான சாட்சிய எங்குட்டுப் போய்த் தேடுவீக?”

மாயக்கண்ணன் யோசித்தார். சிமெண்டுக்கடையில் இந்த மாதிரி சரக்கு அவர் பார்த்ததில்லை. “யெஸ்” என்றார்.

“திங்கக்கிழமை வந்து சேரணும். வீட்ல நீங்களே சொல்லிடுங்க” என்றார் மீனாம்பிகை.

சொல்லிவிடுங்கள் என்பது சுலபம். எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஆசைத்தம்பி இன்னும் வரவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது. தீர்ப்புக்குக் காத்திருக்கிற சத்தம். சொக்கலிங்கம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தூணுக்கு எதிரே நின்றார்.  நூறு பிள்ளைகளுக்கு முன்னால் நடுங்காத குரல் ஒரு மரத்துண்டுக்கு முன்னால் நடுங்கியது.

“திங்கக்கெழம சேரணுமாம்.”

பாத்திரச் சத்தம் நின்றது.  பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் பதறிப்போய்த் தூணிடம் இன்னும் கொஞ்சம் பேசினார்.

“எனக்கு ஒரு சந்தேகம். நான் இன்னைக்குப் பண்ணுனது கிவ் அப்பா, கிவ் இன்னா? எதிர்ல நின்னு யாரும் தள்ளல. நானும் கைய எடுத்துக்கிறல. பாடத்துல இதுக்கு எடம் இல்லையே?”

“தவலையே” என்றது உள்ளிருந்து ஈரமான குரல். “கம் ரவுண்ட்னு ஒண்ணு இருக்கு. யாரும் தள்ளாமலே ஒரு ஆளு தானா சுத்தி வந்து நம்ம பக்கத்துல நிக்கிறது. சஞ்சீவியில அது இல்ல.”

“அடுத்த பதிப்புல சேத்துக்கிறலாம். எழுதிக் குடுக்கத்தான் ஆளு வேணும்” என்றார் அவர் தூணிடம்.

“வீட்டு வேலையும் பள்ளிக்கூட வேலையும் போக நேரம் இருந்தா எழுதலாம்னு சொல்லு, தவலையே.”

சொக்கலிங்கம் சிரித்துவிட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தூணுகிட்டப் பேச எப்பருந்து பழகுனீக?”

வாசலில் சிகப்பி நின்றாள். முகத்தில் இளையாத்தங்குடி பஸ்ஸின் புழுதி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் இல்லாமலே சேதி போய் வந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் கண்ணில் தெரிந்தது.

கையிலிருந்த அட்டைப்பெட்டியை வளவின் நடுவில் ணங்கென்று வைத்தாள். மேலே படம் போட்டிருந்தது. புத்தம் புது மண்ணெண்ணெய் ஸ்டவ்.

அடுப்பு ரெண்டு என்று சொல்லிவிட்டுப் போனவள். சொன்னபடி இரண்டாவதோடு வந்திருக்கிறாள். குடும்பத்தைப் பிரிக்கவா, காலையில் பள்ளிக்கூடம் போகிறவளுக்குச் சீக்கிரம் காபி போடவா?

“சிகப்பி, இது யாருக்கு?” என்றார் சொக்கலிங்கம். இந்தத் தடவை தூணைப் பார்த்துக் கேட்கவில்லை.

சிகப்பி அவரைப் பார்த்தாள். அடுக்களை வாசலைப் பார்த்தாள். அங்கே மெட்டிச் சத்தம் படி வரைக்கும் வந்து, தாண்டலாமா கூடாதா என்று நின்றது.

“மொதல்ல குடிக்க ஒரு சொம்பு தண்ணி வேணும்” என்றாள் சிகப்பி. “யாரு கொண்டாந்தாலும் சரி.”

பெட்டியைச் சுற்றிக் கட்டிய சணல் இன்னும் அவிழாமலே இருந்தது.